ஒன்பதாம் நம்பர் பீப்பாய்

'கிடங்கில் உள்ள எல்லாப் பீப்பாய்களையும் காலி செய்து, வெந்நீர் விட்டுக் கழுவி, வெள்ளிக்கிழமைக்குள் தயாராக வைக்கவும்.' கீழே முதலாளியின் மாப்பிள்ளை போட்ட கையெழுத்து, பெரிய சுழிப்போடு. மூக்கம்மா அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை.

மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மூக்கும் அப்படியொன்றும் பெரிசில்லை. ஆனால் ஒரு கிளாஸை மோந்து பார்த்து, எந்த ஊர்த் திராட்சை, எந்த வருடத்து மழை என்று சொல்லிவிடுவாள் என்பதால் கம்பெனியே சேர்ந்து வைத்த பெயர் அது. அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு கர்வம்தான். சும்மா வந்த கர்வமா? இருபத்திரண்டு வருடம் வாசனை சோப்புப் போட்டதில்லை. வீட்டுச் சமையலில் காரம் கிடையாது. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கும்மா" என்று பிள்ளைகள் அழுதே வளர்ந்தார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

வேலை என்னவென்றால், கலப்பது. நாலு ஊரிலிருந்து வெள்ளை ஒயின் டாங்கரில் வரும். மலைப்பக்கத்து ஒயின் நாக்கைக் கிள்ளும். கடலோரத்தது லேசாக உப்புக் கரிக்கும். ஆற்றுப்படுகையில் விளைந்தது வாசனையை வாரி இறைத்துவிட்டு, வாய்க்குள் போனதும் காணாமல் போய்விடும், கல்யாணத்தில் முகம் காட்டிவிட்டு நழுவும் சொந்தக்காரர் மாதிரி. வறண்ட நிலத்தில் வெயில் தின்று பழுத்ததில் இனிப்பும் சூடும்தான் மிச்சம். இதில் எது எத்தனை பங்கு என்று காலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, ருசித்து, வாளியில் துப்பி, அளவு போட வேண்டும். அப்படிக் கலந்ததில் திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்த்து வலுவேற்றி, பீப்பாயில் போட்டுப் பழக்கினால், அதுதான் கம்பெனியின் பெயர் சொல்லும் சரக்கு.

அந்தச் சரக்கின் உயிர் ஒன்பதாம் நம்பர் பீப்பாயில் இருந்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய பீப்பாய். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடுப்பார்கள், எடுத்த அளவுக்குப் புதுசு ஊற்றுவார்கள். பழசோடு சேர்ந்து புதுசும் பழகிக்கொள்ளும். நாற்பது வருடமாக அது ஒருநாளும் காலியானதில்லை. அதைக் கழுவக் கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. குழந்தையைக் கிணற்றில் போடக் கூடாது என்று யாராவது எழுதி வைக்கிறார்களா?

கலவைப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றபோது, அந்த நாற்காலி மூக்கம்மாவுக்குத்தான் என்று வாசலில் நிற்கிற காவலாளி வரைக்கும் முடிவு கட்டியிருந்தார்கள். வந்து உட்கார்ந்தது முதலாளியின் மாப்பிள்ளை. அதற்கு முன்னால் அவர் பெயிண்ட் விற்றுக்கொண்டிருந்தார். "நீதான் பக்கத்துல இருக்கியேம்மா, எல்லாத்தையும் கத்துக் குடுத்துடு" என்றார் முதலாளி, அவளுக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி. மூக்கை வைத்துப் பிழைத்தவளை நன்றாக மூக்கறுத்துவிட்டார்கள். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. முறுக்கு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கேட்டால் கௌரவம் போய்விடும் என்று எதையும் கேட்க மாட்டார்.

பீப்பாய்க்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். அங்கே பீப்பாய்களைப் பழுது பார்ப்பவர், அவளைவிடச் சீனியர்.

"ஒன்பதையுமாம்மா?"

"எல்லாம்னுதான் எழுதியிருக்கு அண்ணே."

"அவருக்குத் தெரியாதும்மா. நீ ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவார்."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

பீப்பாய்க்காரர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு குழாயைக் கொண்டுவந்து மாட்டினார்.

காலையில் திறந்தது, மத்தியானம் வரை ஓடியது. நாற்பது வருடச் சரக்கு, மலிவு இனிப்பு ஒயின் தொட்டியில் போய்ச் சேர்ந்தது. கிடங்கு முழுக்க மணம். உலர்ந்த பழம், வறுத்த கொட்டை, பழைய மர அலமாரி. மூக்கம்மா ஒரு பாட்டிலில் மட்டும் பிடித்து, இறுக்கி மூடி, தன் அலமாரியில் பூட்டி வைத்தாள். அப்புறம் வெந்நீர். அடியில் படிந்திருந்த வண்டல் பழுப்பாகச் சாக்கடையில் ஓடியது. அவளுக்கு அழுகை வரவில்லை. 'இருக்கட்டும், ஊரே திரும்பி வந்து காறித் துப்பும், அன்றைக்கு இந்தப் பாட்டிலை எடுத்து நடு மேசையில் வைக்கிறேன்' என்ற நினைப்பு இனித்தது. கை கழுவிவிட்டார்கள் அல்லவா அவளை? அவளும் கழுவினாள்.

ஒன்பதை நிரப்புவதற்கு, மூன்று ஊர்களிலிருந்து ஏற்கெனவே வலுவேற்றிய ஒயினை மாப்பிள்ளை வாங்கிப் போட்டார். "நீங்களே பாத்துக் கலந்துடுங்க" என்று அவளிடம் தள்ளிவிட்டார். அவள் கடனே என்று ஒரே மத்தியானத்தில் கலந்தாள், அதுவும் சாப்பிட்ட வாயோடு. அளவுக் குழாயைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை, கை போன போக்கில் ஊற்றினாள்.

எட்டு மாதம் கழித்து பாட்டில்கள் வெளியே போயின. மூக்கம்மா காத்திருந்தாள். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். ஒரு புகார்க் கடிதம் இல்லை. முப்பது வருடமாக வாங்குகிற ஓட்டல்காரர் நேரிலேயே வந்து, "அதே பழைய ருசி, மாறவே இல்லை" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மாப்பிள்ளை அடக்கமாகச் சிரித்தார். மூக்கம்மாவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடமும் யாருக்காகக் காரம் சாப்பிடாமல் கிடந்தாள், இந்த நாக்குச் செத்த கும்பலுக்காகவா?

பொறுத்தது போதும் என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினாள். "ஐயாகிட்ட ஒண்ணு காட்டணும், திங்கக்கிழமை காலைல வரச் சொல்லுங்க." அவர் பழைய ஆள். இரண்டையும் ருசித்தால் ஒரு மிடறில் பிடித்துவிடுவார். அதன் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்கார்வது என்று அவரே சொல்லட்டும்.

திங்கட்கிழமை அவள் சீக்கிரமே வந்தாள். வெறும் வயிறு. ஒரு கிளாஸில் பாட்டில் சரக்கு, இன்னொன்றில் புதுசு. நிறம் ஒன்றுபோலத்தான் இருந்தது. முதலாளிக்குக் கொடுக்கும் முன் தானும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று தோன்றியது. பழசின் அடியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிளாஸ்களை மேசைமேல் சுற்றிச் சுற்றி மாற்றினாள். மோந்தாள். ருசித்தாள். துப்பினாள். சந்தேகமே இல்லை, இடது கைப் பக்கம்தான் பழசு. தூக்கி அடியைப் பார்த்தாள்.

புள்ளி இல்லை.

வாயைக் கொப்பளித்தாள். மறுபடி மாற்றினாள். இந்த முறை நெடுநேரம் வாயில் வைத்திருந்தாள். வலது. தூக்கிப் பார்த்தாள், புள்ளி இல்லை. மூன்றாவது முறை சரியாக வந்தது. மூன்றில் ஒன்று சரியாக வந்தால் அதற்குப் பெயர் குருட்டாம்போக்கு என்று வேலைக்கு வந்த எத்தனையோ பேரிடம் இதே மேசையில் சொல்லி, திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாக்குப் போய்விட்டதா? இல்லை, நாற்பது வருடம் என்று எல்லோரும் கும்பிட்ட பீப்பாயில் ஒன்றுமே இல்லையா? இல்லை, மனசு வெறுத்துக் கலந்தபோதும் இந்தப் பாழாய்ப்போன கை பழைய ருசியையே கலந்து, அதை மாப்பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதா? அப்படியென்றால் கெட்டிக்காரிதான். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், பார்த்துக்கொண்டே கழுவியதையும் சொல்ல வேண்டும்.

"என்னம்மா, ஏதோ காட்டணும்னியாமே?" முதலாளி கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் மாப்பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு. முதலாளி இரண்டு கிளாஸையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓ, பரீட்சையா? சரி, எப்பவும் போலத்தான். முதல்ல நீ சொல்லு மூக்கம்மா, அப்புறம் நான்."

அவர் கிளாஸ்களை அவள் பக்கம் நகர்த்தினார். எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா" என்றாள்.

முதலாளி ஒன்றை எடுத்து ஒரு மிடறு குடித்தார். மற்றதையும் குடித்தார். சப்புக்கொட்டினார்.

"ஆமா, ஒண்ணுதான்" என்றார். "அப்புறம் எதுக்கும்மா ரெண்டு கிளாஸ்?"

மூக்கம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், தொட்டியில் ஊற்றி, கழுவ ஆரம்பித்தாள்.