கடுகின் படுக்கை

கடுகு மறுபடியும் வணங்க ஆரம்பித்துவிட்டது. முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, இடுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது, முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த நாய். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தவள் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். வயிற்றுவலி பொறுக்காத நாய் அப்படித்தான் நிற்கும் என்று டாக்டரம்மா போன தடவையே சொல்லியிருந்தார்.

போன தடவை எல்லாம் ஒரு துண்டு க்ரீம் கேக்கால் வந்த வினை. பேக்கரி மாஸ்டரான அவள் கணவன் ஆசையாக ஊட்டியது. கணையம் வீங்கி, கடுகு பிழைத்ததே மறுபிறப்பு.

"இனிமே கொழுப்பு ஆகவே ஆகாது. தோலில்லாத கோழி, சோறு, அவ்வளவுதான். இன்னொரு தரம் வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து அவள் கோழியை வேகவைத்து, ஆறவிட்டு, மேலே படியும் கொழுப்பை வழித்தெறிந்த பிறகே வைப்பாள். அப்படியும் போன வாரம் கடுகு லேசாக வாந்தியெடுத்தது. சந்தேகம் நேராக மாமனாரிடம் போனது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது அவருக்குக் கை நடுங்கும்; கடுகு அவர் காலடியிலேயே கிடக்கும்.

"மாமா, நீங்க பாசத்துல போடுறது அதுக்கு விஷம்."

"நான் போடலைம்மா."

"அப்ப வெண்ணெய்க்குக் கால் முளைச்சு அதுவா போச்சா?"

அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனார். அதன்பின் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு.

இப்போது கடுகைத் துணிப்பையில் அணைத்துக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும் அது முனகியது. காலில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"இங்கயே இருக்கட்டும். தேறிடுமான்னு இப்ப கேக்காதீங்க. வீட்டு வாசனையுள்ள துணி ஏதாவது கொண்டுவாங்க, பயப்படாம இருக்கும்."

வீட்டுக்கு வந்து கடுகின் கூடையில் கைவிட்டாள். கணவன் பேக்கரியில் கட்டும் ஏப்ரன் வந்தது. கேக் சாப்பிட்டு நோயில் கிடந்தபின் கடுகு தூங்காமல் தவித்தபோது, அவன் வாசனை இருந்தால் தூங்கும் என்று அவள்தான் அதை விரித்தாள். அவனும் வேலை முடிந்து வந்ததும் கழற்றி, தினமும் கூடையிலேயே போட்டுவந்தான். நன்றாகத்தான் தூங்கியது.

துணியைத் தொட்டே பிழைக்கிற விரல்கள் ஓரத்தில் வழுக்கின. வெண்ணெயும் க்ரீமும் ஊறி மினுமினுத்த துணி. மூலையைச் சப்பிச் சப்பி நூல் பிரிந்திருந்தது.

மாமனாரின் கதவைத் தட்டினாள். தட்டில் வெறும் ரொட்டி இருந்தது.

"வெண்ணெய் எங்க, மாமா?"

"நிறுத்திட்டேம்மா. கீழ விழுமோன்னு பயந்துகிட்டே தின்னா தொண்டையில எறங்குமா?"

அவள் ஏப்ரனை நீட்டினாள். "நான்தான் மாமா. இதைக் கூடையில விரிச்சது நான்தான். உங்களைப் போய்…"

அவர் துணியை முகர்ந்தார்.

"நீயும் பாசத்துலதானேம்மா போட்ட."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தார். "இந்தா. இந்த வாசனையும் அதுக்குத் தெரியும். கெழட்டு வாசனை. நக்க இதுல ஒண்ணும் தேறாது."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கிளம்புமுன் அவர் நாற்காலியைத் தூக்கிவந்து மேசையருகே பழைய இடத்தில் போட்டாள். வெண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்து வைத்தாள்.

ஆஸ்பத்திரிக் கூண்டில் கடுகு இன்னும் வணங்கியபடியேதான் நின்றிருந்தது. துண்டை விரித்தாள். அது முகர்ந்தது, தயங்கியது, பிறகு மெல்ல இடுப்பை இறக்கி, மூக்கை மடிப்புக்குள் புதைத்துக்கொண்டு படுத்தது.

"நல்ல அறிகுறிதான். ஆனா ராத்திரி கழியட்டும்" என்றார் டாக்டரம்மா.

கடுகு விட்ட வணக்கத்தை அவள் எடுத்துக்கொண்டு, கூண்டருகே கைகூப்பி உட்கார்ந்தாள்.