கட்டைவிரல் துடித்த அளவு

ஸ்ரீதேவி மைசூர் ஹெப்பாளில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒவ்வொரு பாகத்தையும் மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்து, சரியானதை ஒரு பக்கமும் தவறானதை மறுபக்கமும் தள்ளுவாள். கல்யாணமாகி ஹனூரிலிருந்து வந்த நாள் முதல் ஐந்து வருஷமாக அதே வேலை. தனக்கு வலிப்பு உண்டு என்பதை மட்டும் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

சொல்ல அவசியமும் வரவில்லை. மாத்திரையில் அடங்கி ஆறு வருஷம் அது தலைகாட்டவேயில்லை. இந்த வருஷம் நான்கு மாதத்தில் நான்கு தடவை வந்தது. நான்கும் வீட்டில்தான். கணவன் பாலன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டான்.

"மாத்திரையை நடுவுல விட்டீங்களா?" என்று கேட்டார் நரம்பியல் டாக்டர் ஸ்மிதா.

"ஒரு வேளைகூட விடலைங்க மேடம்."

ரத்தத்தில் மருந்தின் அளவும் சரியாகவே இருந்தது. டோஸைக் கூட்டலாம் என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. முன்னாடி கூட்டினப்ப கண்ணு மங்கிப்போச்சுங்க. என் வேலையே அளக்கறது." ஸ்ரீதேவி செல்போனில் குறித்து வைத்திருந்த தேதிகளைக் காட்டினாள். "நாலும் நைட் ஷிப்ட் வாரம். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த காலையில."

"நைட் ஷிப்ட் பார்க்கறீங்கன்னு சொல்லவே இல்லையே?"

"இந்த வருஷம்தான் எங்க பிரிவுக்குப் போட்டாங்க. நீங்களும் கேக்கலைங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். தூக்கம் கெட்டால் சிலருக்கு மூளை சீக்கிரம் தூண்டப்படும், வலிப்பு வர அதுவே போதும் என்றார். அதை அளந்து பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று அந்த ஆஸ்பத்திரியிலேயே நடந்துகொண்டிருந்தது. தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைத்துத் தட்டினால் கட்டைவிரல் துடிக்கும். எவ்வளவு குறைந்த விசையில் துடிக்கிறதோ, மூளை அவ்வளவு உசுப்பலாக இருக்கிறது என்று அர்த்தம்.

"இந்தச் சோதனையால வலிப்பு வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லைன்னு சொல்லமாட்டேன். நான் பக்கத்துலயே இருப்பேன். உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்."

"அளந்துருங்க மேடம்."

அந்த வாரமும் நைட்தான். மறுநாள் காலையில், நைட் ஷிப்ட் முடிந்ததும் பாலன் அவளை ஸ்கூட்டரில் நேராக அழைத்து வந்தான். சுருள் டக்கென்று தட்டியது. விரல் தானாகத் துள்ளியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. மெஷினின் முழு விசையில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று என்று அளவு வந்தது.

"ஒருக்கா அளந்தா போதுமாங்க? நாங்க ஒரு பீஸை மூணு தடவை பார்ப்போம்."

டாக்டர் சிரித்தார். "பத்துத் தடவை தட்டி, அஞ்சு தடவையாவது துடிச்சாதான் நாங்க எழுதுவோம்."

"அப்படின்னா சரிங்க."

லீவு போட்டு ஒரு வாரம் நன்றாகத் தூங்கி வந்தபோது ஐம்பத்தொன்பது.

"இந்த நம்பரை மட்டும் வெச்சு வைத்தியத்தை மாத்தமாட்டோம். ஆனா உங்க தேதிகளும் இதையேதான் சொல்லுது" என்றார் டாக்டர். டோஸ் அப்படியே இருக்கட்டும், இரவு வேலை கூடாது என்று கடிதம் எழுதினார்.

கடிதத்தை ஷிப்ட் இன்சார்ஜ் நாராயணஸ்வாமி இரண்டு முறை படித்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"அஞ்சு வருஷமா மறைச்சிருக்கியேம்மா?"

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா சார்?"

அவர் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "மெஷின் பக்கத்துல நிக்கறப்ப வந்திருந்தா?"

"அதுக்குத்தான் இப்ப சொல்றனுங்க. பகல்ல என்னைப் போடுங்க. நான் பாத்து விட்டதுல ஒரு பீஸ் திரும்பி வந்திருக்கான்னு கேட்டுப் பாருங்க."

வந்ததில்லை என்பது அவருக்கே தெரியும். கடிதத்தை மடித்தார். "ஆயித்து, சரிம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து பகல் ஷிப்ட். மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

ஏழு மாதம் ஆகிறது. வலிப்பு வரவில்லை. ஸ்ரீதேவி விஷயத்தை ஒளிப்பதில்லை; தனக்கு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்று கூட வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பகுதி ராமக்காள் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய பெண் பத்தாவது படிக்கிறாள், இரண்டு தடவை விழுந்துவிட்டாளாம். இதுவரை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.

"அந்த டாக்டரம்மா எப்ப இருப்பாங்க?"

"வெள்ளிக்கிழமைங்கக்கா. நானே கூட வர்றேன்."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவுக்கு ஸ்ரீதேவி அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள்.