பாஸ்புக்கில் ஏறாத பணம்

தெய்வநாயகி தன் புருஷனுக்குத் தெரியாமல் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். ஆரணியில் புருஷனுக்குத் தெரியாமல் பணம் சேர்க்காத பெண்பிள்ளை ஒருத்தியைக் காட்டுங்கள் பார்க்கலாம்! மற்றவர்கள் பணம் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் இருந்தது; இவள் பணம் செல்போனில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அவளும் துவரம்பருப்பு டப்பாவின் அடியில்தான் போட்டு வைத்தாள். தெருவிலுள்ள தறிகளுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த கூலி. ஒருநாள் புருஷன் இராஜமாணிக்கம் டப்பாவைக் குடைந்து ஆறாயிரத்தைக் கண்டுபிடித்தான். மறுவாரமே குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, தெருவையே கூப்பிட்டுச் சோறு போட்டான். மகராசன்! வங்கியில் போடலாமென்றால், மாதாமாதம் பாஸ்புக் அடித்து வருபவன் அவன்; மெசேஜ் போவதும் அவன் போனுக்கு.

அப்போதுதான் மகளிர் குழுத் தலைவி பரிமளா வழி சொன்னாள்.

"டிஜிட்டல் ரூபாய்க்கா. ரிசர்வ் பேங்க் நோட்டேதான், காயிதத்துக்குப் பதிலா போன்ல இருக்கும். நீ எங்கிட்ட காசு குடு, நான் உன் போனுக்கு அனுப்பிடறேன். பாஸ்புக்ல ஏறாது. அண்ணனுக்கு மூச்சு கூடத் தெரியாது."

மகள் உதயாதான் எல்லாவற்றையும் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ரகசிய எண்ணாகத் தன் பிறந்த வருஷத்தையே வைத்தாள். திரையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் அச்சு அசலாகத் தெரிந்தன. தெய்வநாயகி ஞாயிறுதோறும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைப் பார்ப்பாள். "அப்பாவுக்குத் தெரியக் கூடாதுடி" என்று மகளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

எல்லாம் அந்த உதயாவுக்காகத்தான். வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். இராஜமாணிக்கமோ, தேசூரில் இருக்கும் அக்கா மகன் வெற்றிச்செல்வனுக்கு அவளைக் கட்டி வைக்க ஒற்றைக் காலில் நின்றான். படிக்கப் போய்விட்டால் மூன்று நாலு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு இல்லை. தெய்வநாயகியின் கணக்கு அதுதான்.

சனிக்கிழமை காலை பணத்தைக் காலேஜுக்கு அனுப்பப் பரிமளா வீட்டுக்குப் போனாள். தெய்வநாயகி ரகசிய எண்ணை அழுத்திப் போனை நீட்டினாள்; பரிமளா பார்த்தவள், திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒன்னுமே இல்லியே?"

தெய்வநாயகி எட்டிப் பார்த்தாள். "போன ஞாயித்துக்கிழமை கூடப் பாத்தேனே! நல்லாப் பாரு பரிமளா!"

"புதன்கிழமை போயிருக்குது. பத்து, பத்து, பத்து, எட்டு. நாலு தடவை."

"யாருக்கு?"

பரிமளா போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"படி. எனக்குத்தான் எழுத்து தெரியாது, காது கேக்குது இல்ல? படி!"

"வெற்றிச்செல்வன்னு போட்டுருக்குது. கீழ ஒரு வரி எழுதிருக்குது." பரிமளாவின் குரல் இறங்கிவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாதேன்னு."

அந்த ரகசிய எண் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"திருப்பி வாங்க முடியாதா?"

"அது கைல எடுத்துக் குட்த்த நோட்டு மாதிரிக்கா. அவனா குட்த்தாதான் உண்டு. நான் மொதல்லியே சொன்னனே, நோட்டேதான்னு."

பாவி நோட்டு! டப்பாவில் இருந்து காணாமல் போயிருந்தால் புருஷன்மேல் பழியைப் போட்டு ஆத்திரம் தீர நாலு நாள் திட்டித் தீர்த்திருப்பாள். இது பெயரோடும் கிழமையோடும் காட்டிக் கொடுத்துவிட்டது. அதுவும் நாலு தடவை. ஒரு தடவையென்றால் கை தவறியது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபோது உதயா தலை சீவிக்கொண்டிருந்தாள். தெய்வநாயகி போனை அவள் மடியில் போட்டாள்.

உதயா போனைப் பார்த்தாள். ஆனால் அழவில்லை. "வண்டிக்கு முன்பணம் கட்டிட்டா டெலிவரி வேலை கெடைக்கும்னு சொல்லிச்சு. ரெண்டு வருஷமா நாங்க பேசிகினு இருக்கோம்மா."

"காலேஜு?"

"நர்ஸுக்குப் படிக்கணும்னு நான் எப்பம்மா சொன்னேன்? நீதான் சொல்லிகினே இருந்த."

நாலு வருஷம் விரல் நுனி தேயத் தேய நூல் சுற்றினாளே, அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள் இந்தப் பெண்! வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? "அடிப்பாவி" என்றாள் தெய்வநாயகி.

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. இராஜமாணிக்கம் தறியை விட்டு எழுந்து ஓடினான்.

"தெய்வா! ஜல்தி வா! நம்ம வெற்றி புது வண்டில வந்துகிறான் பாரு! ஆரத்தி கரைச்சி எடுத்தினு வா!"

கத்தலாம். தெருவைக் கூட்டலாம். ஆனால் என்னவென்று சொல்வது? 'ஏது உனக்கு அவ்ளோ காசு?' என்பதுதான் புருஷன் முதலில் கேட்பான். இல்லாத பணம் எப்படித் திருடு போகும்?

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைத் தட்டில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சிவப்பு வண்டி, இருக்கையில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. வெற்றிச்செல்வன் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"அத்தை கையால பொட்டு வச்சாதான் ராசி. அதான் நேரா இங்க வந்தேன்."

மூன்று சுற்று சுற்றினாள். வண்டியின் முன்விளக்கின்மேல் பொட்டு வைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து புத்தம் புது ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து, ஈரத்தைப் பார்க்காமல் தட்டில் போட்டான்.

"வச்சிக்க தெய்வா, உனக்குத்தான்" என்று சிரித்தான் இராஜமாணிக்கம். "மருமவன் மொதமொதல்ல குடுக்கறான்."

உதயா கதவுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். தெய்வநாயகி அவளைக் கடந்து சமையலறைக்குப் போனாள். நோட்டை முந்தானையில் ஒற்றித் துடைத்தாள். பருப்பு டப்பாவை எடுத்தாள். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நோட்டை வேறு ஓர் இடத்தில் ஒளித்தாள்.

"எங்கம்மா வச்ச?" என்றாள் உதயா, மெதுவாகப் பின்னால் வந்து.

தெய்வநாயகி ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்து, "கழுவி வை" என்றாள்.