சுத்தப் பட்டு

கொதித்து ஆறிய முட்டையின் துணிக்கட்டைப் பிரித்தாள் டீச்சர். ஓட்டின்மேல் நீலக் கட்டங்கள் அச்சு அசலாக ஏறியிருந்தன. வினிகர் கலந்த வெந்நீரில், பட்டுத்துண்டின் சாயம் முட்டைக்கு இடம் மாறியிருந்தது.

"பட்டுன்னாதான்க்கா இப்படி ஒட்டும். மத்த துணின்னா முட்டை வெள்ளையாவே வெளிய வரும்" என்றாள், தன் அக்காவிடம்.

பக்கத்தில் முட்டை துடைத்துக்கொண்டிருந்த கணவன், துடைத்த முட்டையையே மறுபடி துடைத்தான். அவன் ஜவுளிக்கடை விற்பனையாளன். நாளை வசந்த விடுமுறை விருந்து. மேசை நடுவே அலங்காரமாக வைக்க இன்னும் ஒரு முட்டை பாக்கி. அதற்காக அவள் பீரோவிலிருந்து எடுத்து வந்தது, கல்யாணமான புதிதில் சுத்தப் பட்டு என்று சொல்லி அவன் கொடுத்த ரோஜாப்பூ ஸ்கார்ஃப்.

அது சுத்தமான பாலியஸ்டர்.

"அதை ஏன் வெட்டுறே? கடையிலேர்ந்து வேற பட்டுத்துண்டு கொண்டு வரேன்."

"ஓரத்துலதானே வெட்டப்போறா? உங்க உயிரா போகுது தம்பி?" என்றாள் அக்கா. 'கடைக்காரன், உன்கிட்டயும் வியாபாரம்தான் பேசுவான்' என்று கல்யாணத்துக்கு முன்பே எச்சரித்தவள்.

"சும்மா இரு, அக்கா. இவரு என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல."

கத்தரிக்கோல் துணியைக் கவ்வியது. இன்னும் அரைமணியில் முட்டை வெள்ளையாக வெளியே வந்துவிடும், கூடவே அவன் பொய்யும், அதுவும் அக்கா முன்னால்.

"நிறுத்து. அது பட்டு இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அக்கா சிரிக்க வாயெடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அப்ப என்னால முடிஞ்சது அவ்வளவுதான்," என்றான்.

"பட்டுதான் வேணும்னு யார் அழுதா? மூணு வருஷமா அதுல ஒரு சொட்டுத் தண்ணி படவிடல நான். மழை வந்தா அவுத்துப் பைக்குள்ள வெச்சுட்டு, தலை நனைஞ்சு வந்திருக்கேன்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆவி பிடிக்க வெந்நீர் வெச்சுக் குடுத்தேனே..."

அதற்குமேல் அக்காவால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. குழாயடிக்குப் போய் ஸ்கார்ஃபை முழுசாக நனைத்தாள். சோப்புப் போட்டுக் கசக்கினாள். மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கசக்கினாள்.

"நாளைக்குக் கட்டிக்கணும். காயுமா?" திரும்பாமல் கேட்டாள்.

அவனுக்குக் கடைப்பேச்சு தானாக வந்தது. "பாலியஸ்டர்மா. உதறிப் போட்டா ஒரு மணி நேரம். சாயம் போகாது, சுருங்காது, இஸ்திரியே..."

"வாயை மூடிட்டு அந்த முனையைப் பிடிங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினார்கள்.