ஒற்றைக் காலில் பத்து விநாடி

நகராட்சியிலிருந்து ஆள் வரும் நாளன்று காலையில் ஷிகெஹாரு கழுத்துக்கு டை கேட்டார். சட்டைப் பொத்தானைக்கூட ஒரு வருடமாக அவருக்கு மனைவி இகுனோதான் போட்டுவிடுகிறாள். எண்பத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவர். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. கழிப்பறையிலிருந்து தானாக எழ முடியாது. குளியல் தொட்டிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் இகுனோதான். அவளுக்கு எண்பத்தொன்று. போன மாதம் அவரைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுத்துக் கிடந்தாள். குளிப்பாட்ட வாரம் இரண்டு முறை ஆள் வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் நகராட்சிக்கு எழுதிப் போட்டாள்.

விசாரிக்க வந்த நிஷிவாக்கிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுந்து நிக்க முடியுமா சார்? எதையாவது பிடிச்சுக்கிட்டே நிக்கலாம்."

அவர் எதையும் பிடிக்கவில்லை. எழுந்தார். அதோடு விட்டாரா? ஒற்றைக் காலைத் தூக்கிப் பத்து விநாடி நின்றும் காட்டினார். அவர் அப்படி நின்று மூன்று வருடமாகிறது.

"குளிக்கிறதெல்லாம் தனியாத்தானா?"

"தனியாத்தான். இவ வெந்நீர் நிரப்பி வெப்பா, அவ்வளவுதான்."

"பொய் சொல்றாரு," என்றாள் இகுனோ.

"இவளுக்கு எப்பவும் கவலை ஜாஸ்தி," என்று அவர் சிரித்தார். நிஷிவாக்கியும் சிரித்துக்கொண்டே எழுதினாள். அவள் கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் மனிதர் பாயில் சரிந்தார். நாற்காலியில் ஏற்றி உட்காரவைக்க அரைமணி ஆயிற்று.

ஆறு வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, உதவி எதுவும் தேவையில்லை என்றது. மற்றொன்று, ஆரோக்கிய முதியோர் பாராட்டு விழாவுக்கு ஷிகெஹாருவை அழைத்தது. ஆரோக்கிய ஆயுளில், அதாவது நோய்நொடியில்லாமல் வாழும் வருடக் கணக்கில், அவர்கள் ஊரான ஒரிதானிக்கு மாவட்டத்திலேயே மூன்றாம் இடமாம். அந்த இடம் எப்படி வந்தது என்று இகுனோவுக்குத் தெரியும். உடல்நலக் குறைவால் அன்றாட வாழ்க்கையில் சிரமம் உண்டா என்று தபாலில் கேட்டார்கள். ஊர்க் கிழவர்கள் அத்தனை பேரும் 'இல்லை' என்பதில் வட்டம் போட்டார்கள். அடுத்த வீட்டுக்காரருக்குப் பேனா பிடிக்கக் கை வராது, அதனால் பெண்டாட்டியைப் போடச் சொன்னார்.

இகுனோ நகராட்சிக்குப் போன் செய்தாள்.

"ஆரோக்கியமா இருக்காரேன்னு சந்தோஷப்படுங்கம்மா," என்றார் அங்கிருந்தவர்.

"சந்தோஷம்தான். ஒருநாள் வந்து அந்தச் சந்தோஷத்தை நீங்க தூக்கித் தொட்டியில இறக்கிப் பாருங்க."

ஒருவழியாக மறுவிசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். பத்து மணிக்கு நிஷிவாக்கி வரவேண்டும். ஒன்பதே முக்காலுக்கு, டை கட்டிய ஷிகெஹாரு கழிப்பறைக்குப் போனார்.

"ஏய், முடிஞ்சுது," என்று குரல் வந்தது. இகுனோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காதுல விழுதா?"

"விழுது."

"அப்ப வா."

"நீங்கதான் தனியா எழுந்திருப்பீங்களே. கவர்மென்ட்டே எழுதிக் கொடுத்திருக்கு."

வாசல் மணி அடித்தது. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. நிஷிவாக்கியை உட்காரவைத்து இகுனோ தேநீர் ஊற்றினாள்.

"சார் எங்கம்மா?"

"கழிப்பறையில."

"மெதுவா வரட்டும், அவசரமில்ல."

"வரமாட்டாரு."

அதை நிஷிவாக்கி வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இகுனோவின் முகத்தையே பார்த்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில், "யாராவது வாங்க," என்று வந்தது.

இரண்டு பெண்களுமாகச் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அவர் கை நிஷிவாக்கியின் தோளில் கிடந்தது, டை முதுகுப்பக்கம் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"தினம் எத்தனை தடவைம்மா இப்படி?" என்று கை கழுவும்போது நிஷிவாக்கி கேட்டாள்.

"பகல்ல அஞ்சு. ராத்திரிய யாரு எண்ணினா?"

பிறகு நிஷிவாக்கி ஷிகெஹாருவின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "தனியா எழுந்திருக்க முடியுமா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "முடியாது," என்றார். முப்பத்தெட்டு வருடம், எந்தப் பையனையும் அவர் சொல்லவிடாத வார்த்தை அது.

இந்தத் தடவை உதவி கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும் குளிப்பாட்ட ஒரு தடித்த ஆள் வந்தான். விழா அழைப்பை வருத்தத்துடன் திரும்பப் பெறுவதாகவும் ஒரு கடிதம் வந்தது. வருத்தப்பட்டது அவர்கள் மட்டும்தான். அந்தக் கடிதம் வந்த பிறகு ஷிகெஹாரு ஒன்பது நாள் மனைவியோடு பேசவில்லை. அன்று அவரைக் கழிப்பறையில் விட்டுவைத்ததை நினைத்து இகுனோவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இடுப்பு வலி அளவுக்கு இல்லை.

பத்தாம் நாள் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார். "அந்தப் பய கை ரொம்ப முரடு," என்றார்.

"நல்லாத் தேய்க்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் படுக்கப் போனாள்.