மெழுகுக்குள் இருந்த குண்டுகள்

கல்யாணமான இரண்டாம் வருஷமே ஸரஸா கணவனை இழந்துவிட்டாள். அண்ணா நரசிம்மமூர்த்திதான் அவளை எம்.எஸ்ஸி. வரை படிக்கவைத்தார். 1958இல் அவள் மைசூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர்.

தேவராஜ மொஹல்லா சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ் குண்டுகளை ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டிக் குலுக்கி, உருக்கிய மெழுகை ஊற்றினாள். உறைந்ததும் ஜாடியை உடைத்துக் கட்டியைத் தனியே எடுத்தாள். குண்டுகள் மொத்தத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவளுக்கு வேண்டியது ஒவ்வொரு குண்டையும் சுற்றி எவ்வளவு நெருக்கம், எவ்வளவு காலி என்பது. அதனால் மெழுகைச் சுரண்டி, ஒவ்வொரு குண்டும் இருக்கும் இடத்தை மைக்ராஸ்கோப்பில் அளந்த பிறகே வெளியே எடுத்தாள். பல மாதம் உழைத்தும் பாதிக் கட்டிதான் முடிந்திருந்தது.

அந்தச் சித்திரையில் அண்ணாவுக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது.

“நீயும் கிளம்பு. அங்கே இல்லாத காலேஜா?” என்றார்.

“பாதியில இருக்கு அண்ணா. இதை ரயில்ல ஏத்த முடியாது.”

“குண்டுக்காகவா தனியா இருக்கப்போறே?” என்றாள் மன்னி ஜயம்மா.

அவர்களை ரயிலேற்றிவிட்டு நேரே கல்லூரிக்குப் போனாள். லீவு நாள். வெள்ளையடிப்பதற்காக அவள் அறைச் சாமான்களை வராந்தாவில் வைத்திருந்தார்கள். கட்டி வெயிலில் கிடந்தது. மெழுகு இளகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. குண்டுகள் தரையெல்லாம் உருண்டு கிடந்தன. வெள்ளையடித்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. யாரைக் கோபித்துக்கொள்வது? உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

மறுநாள் தபாலாபீசில், தானும் வருவதாக அண்ணாவுக்குத் தந்தி கொடுக்க வரிசையில் நின்றாள். அண்ணா சந்தோஷப்படுவார். ஆனால் தங்கை தங்களுக்காக வந்தாள் என்று நினைப்பார். கட்டி உருகிப்போனதால் வந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அந்தப் பொய்யோடு தினமும் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முறை வருவதற்குள் வரிசையை விட்டு விலகினாள்.

மழை தொடங்கியதும் புதுக் கட்டி வார்த்தாள். கல்லூரி விட்டதும் அளப்பாள். பிறகு யாருமில்லாத வீட்டுக்குப் போய் ஒரு ரசம் வைப்பாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குரலை அவளே கேட்பதில்லை.

அடுத்த வருஷம் முடிவு கிடைத்தது. ஜாடிச் சுவரோரம் குண்டுகள் தளர்வாக இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். நடுவிலும் ஒரே சீராக இல்லை. இறுக்கமான கொத்துக்குப் பக்கத்திலேயே, மேலே இருக்கும் எதையும் தாங்காமல் சில குண்டுகள் காலியிடத்தில் தளர்ந்து கிடந்தன. பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் இதைக் கட்டுரையாகப் படித்தாள். ஒரு கிழப் பேராசிரியர் எழுந்து, “எத்தனை குண்டு அளந்தீர்கள்?” என்று கேட்டார். சொன்னாள். “தனியாகவா?” என்றார். ஆமாம் என்றாள். அவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மைசூர் திரும்பியபோது வேலைக்கு வரும் பசம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஸரஸாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பையைக் கீழே வைக்காமலே, கன்னடத்தில், குண்டுகளைப் பற்றியும் பேராசிரியரைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

பசம்மா வாளியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “ஊட்டா ஆய்த்தா அம்மா?” என்றாள்.

சாப்பிடவில்லை என்பது ஸரஸாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“இல்லை. நீயும் உள்ளே வா, உப்புமா கிண்டறேன்” என்றாள்.