ஓரம் தூக்காத ஒட்டு

பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பிய சைக்கிள் கடைக்காரரின் கையை, அவர் மனைவியின் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“போதும் தம்பி. போனவளைப் போட்டுப் பாடாய்ப் படுத்தாதீங்க.”

“ஒரே ஒரு தடவை பாத்துடறேங்க்கா.”

ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் விடிந்ததிலிருந்து இதே மல்லுக்கட்டு. மாற்றுடை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. உடுத்திவிட்டால் அப்புறம் பார்க்க முடியாது.

கிடத்தியிருந்த அவர் மனைவி, ஆய்வுக்கூடத்தில் பசை காய்ச்சியவள். அறுத்த தோலின் விளிம்புகளைச் சேர்த்து, அந்தப் பசையைத் தடவி, பச்சை லேசர் ஒளியைக் காட்டினால் போதும். ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். “ஜாடிக்கேத்த மூடிதான் நாம. நீங்க ட்யூபுக்கு ஒட்டு போடுறீங்க, நான் ஆளுக்குப் போடுறேன்” என்று சிரிப்பாள். வயிற்றில் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும் என்றதும், “என் பசையையே எனக்குப் போடுங்க” என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான். ஆபரேஷன் முடிந்து காயக்கட்டைப் பிரித்துப் பார்க்கும் முன்பே, நேற்று மதியம் பேச்சின் நடுவில் மூச்சு நின்றது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது, காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர்.

அக்கா நம்பவில்லை. “நாலு தையல் போட்டிருந்தா பொழைச்சிருப்பா. பசையாம் பசை” என்று வந்தவர்களிடமெல்லாம் புலம்பினாள். அது கடைக்காரரின் நெஞ்சிலும் முள்ளாய்க் குத்தி நின்றுவிட்டது. வருஷக்கணக்கில் சோறு தண்ணி மறந்து செய்த வேலை அவளையே காவு வாங்கியிருந்தால்?

“சரி, பாத்துக்கங்க” என்று அக்கா கையை விட்டாள்.

பிளாஸ்திரி கழன்று வந்தது. தொப்புளுக்கு மேலே வெளிறிய ஒரு கோடு. அவ்வளவுதான்.

கண்ணை மட்டும் நம்பி ஒட்டை விடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ட்யூபில் ஒட்டு போட்டதும் கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவுவார்; எங்காவது தூக்கியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். காய்ப்பேறிய அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்தினார். தோல் ஜில்லென்றிருந்தது. ஓரம் எங்கும் தூக்கவில்லை.

“எப்படி இருக்கு தம்பி?”

“நீங்களே பாருங்கக்கா.”

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “கழுதை, நல்லாத்தான் செஞ்சிருக்கா” என்று மூக்கை உறிஞ்சினாள்.

அவர் மனைவியின் காதருகே குனிந்தார். “ஒட்டு நிக்குதும்மா. கெட்டியா நிக்குது.”

அக்கா மாற்றுடையை எடுத்து உதறினாள். “கொஞ்சம் இருங்க” என்ற கடைக்காரர், நர்சிடம் புதுத் துணி கேட்டு வாங்கிவந்து காயத்தின் மேல் வைத்தார். பிறகு, அவளுக்கு வலித்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் பிளாஸ்திரியை ஒட்டினார்.